ஜான் கெல்லி: பந்தயத்துக்குச் சூத்திரம் எழுதிய பெல் லேப்ஸ்காரர்

போன ஐபிஎல் சீசன்ல ஒரு சாயங்காலம். பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கத்துல ஒரு டீக்கடை. செகண்ட் ஷிஃப்ட் பஸ் போய் முடிஞ்சிருந்தது. என்கூட இருந்த நண்பன் போனை நீட்டிக் காட்டினான். ஏதோ ஒரு பெட்டிங் ஆப். அவனை விஐபி மெம்பர் ஆக்கிட்டாங்களாம். தனி மேனேஜர், டெபாசிட் பண்ணா போனஸ், பிறந்தநாளுக்கு வாழ்த்து. முகத்துல அவ்வளவு பெருமை. தன்னோட கிரிக்கெட் மூளையைக் கம்பெனியே மதிக்குதுன்னு நினைச்சுட்டான்.

தமிழ்நாட்டுல ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரல்லயே வந்தாச்சு. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசும் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்டுடுச்சு. அப்புறமும் ஏதாவது ஒரு லிங்க் வழியா இந்த ஆப்கள் நம்ம ஹாஸ்டல் வரைக்கும் வந்துடுது. சட்டத்தைப் பத்தி எழுத இங்க உட்காரல. அந்த விஐபி மெசேஜுக்கு உண்மையில என்ன அர்த்தம்னு புரியணும்னா, 60 வருஷத்துக்கு முன்னாடி இறந்துபோன ஒரு அமெரிக்கரைத் தெரிஞ்சிருக்கணும். அவர் பேர் ஜான் லாரி கெல்லி ஜூனியர்.

நீங்க அவரை ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கீங்க. ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துல, ஹால் என்கிற கம்ப்யூட்டரை அணைக்கும்போது அது குரல் இழுத்து இழுத்து ஒரு பாட்டுப் பாடிக்கிட்டே செத்துப்போகும் இல்லையா? அந்தக் காட்சிக்கு மூலம் கெல்லியின் வேலைதான். 1961-ல் பெல் லேப்ஸில் கெல்லியும் கேரல் லோக்பாமும் ஒரு ஐபிஎம் கம்ப்யூட்டரை 'டெய்ஸி பெல்' பாட வைத்தார்கள். பின்னணி இசைக்கு மேக்ஸ் மேத்யூஸ் புரோகிராம் எழுதினார். அங்கே நண்பரைப் பார்க்கப் போன ஆர்தர் சி. கிளார்க் அதைக் கேட்டார். மறக்கவில்லை. சிலோனில் குடியேறிய அந்த எழுத்தாளரின் கதை வழியாக அது படத்துக்குள் போய்விட்டது.

கெல்லி பிறந்தது 1923 டிசம்பர் 26, டெக்சாஸ் மாநிலத்தின் கோர்சிகானா என்ற ஊரில். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை விமானியாக இருந்தார். போர் முடிந்ததும் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து, 1953-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆராய்ச்சித் தலைப்பு பொருள்களின் மீள்தன்மை. மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிச்ச சப்ஜெக்ட். சூதாட்டத்துக்கும் அதுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. அடுத்து நியூஜெர்சியில் மர்ரே ஹில்லில் இருந்த பெல் லேப்ஸில் சேர்ந்தார். டெக்சாஸ் இழுவைப் பேச்சு, விடாத சிகரெட், துப்பாக்கி மோகம், எங்கே போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைக்கும் குணம். கூட வேலை பார்த்தவர்கள் அங்கிருந்த பெரிய மூளைகளில் கிளாட் ஷானனுக்கு அடுத்து இவரைத்தான் வைத்தார்களாம்.

ஷானன் யாருன்னு இசிஇ பசங்களுக்குச் சொல்ல வேண்டாம். இரைச்சல் உள்ள ஒரு கம்பி வழியா ஒரு நொடிக்கு எவ்வளவு தகவலைப் பிழையில்லாம அனுப்ப முடியும் என்பதற்கு 1948-ல் எல்லை கண்டவர். சேனல் கெபாசிட்டின்னு நாம மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்சதும் மறக்கிற விஷயம்.

1955-ல் அமெரிக்க டிவியில் 64,000 டாலர் பரிசுள்ள ஒரு வினாடி வினா நிகழ்ச்சி பெரிய ஹிட். நியூயார்க்கில் நேரலை. மேற்குக் கரையில் 3 மணி நேரம் கழித்துத்தான் ஒளிபரப்பு. யார் ஜெயிப்பார் என்று ஊரெல்லாம் பந்தயம். மேற்குக் கரையில் இருந்த ஒருவர் கிழக்கிலிருந்து போனில் முடிவைத் தெரிந்துகொண்டு, தன் ஊரில் ஒளிபரப்பாகும் முன் பணம் கட்டினாராம். இந்தச் செய்திதான் கெல்லிக்குப் பொறி தட்டியது என்று சொல்லப்படுகிறது.

அவர் கேட்ட கேள்வி இதுதான். ஒரு சூதாட்டக்காரனிடம் ரகசிய டெலிபோன் கம்பி ஒன்று இருக்கிறது. குதிரைப் பந்தய முடிவு அதில் முன்கூட்டியே வருகிறது. ஆனால் கம்பியில் இரைச்சல். சில நேரம் தப்பான செய்தி வந்துவிடும். அப்படியென்றால் கையில் இருக்கும் பணத்தில் எவ்வளவு பங்கை அவன் ஒவ்வொரு முறையும் கட்டலாம்?

முழுசும் கட்டலாம்னு தோணும். செய்தி 55 சதவீதம் சரியாக வரும் கம்பி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் மொத்தப் பணத்தையும் வைத்தால், பத்து பந்தயம் தொடர்ந்து தாக்குப்பிடிக்க 400-ல் ஒரு வாய்ப்புதான். சாதகம் நம்ம பக்கம் இருந்தும் தெருவுக்கு வந்துடுவோம். ரொம்பக் கொஞ்சமாகக் கட்டினால் பணம் வளராது. நடுவில் ஒரு சரியான பங்கு இருக்கிறது. அதைத்தான் கெல்லி கண்டுபிடித்தார். கட்டிய பணம் இரட்டிப்பாகத் திரும்பும் நியாயமான ஆட்டத்தில், ஜெயிக்கும் வாய்ப்பிலிருந்து தோற்கும் வாய்ப்பைக் கழித்தால் வருவதே அந்தப் பங்கு. 55 கழித்தல் 45, அதாவது கையிருப்பில் 10 சதவீதம்.

இதுக்கப்புறம்தான் அழகு. அப்படிக் கட்டினால் பணம் வளரும் வேகத்தைக் கணக்குப் போட்டார். ஒரு பந்தயத்துக்கு 0.0072 பிட். அதே 55 சதவீதக் கம்பிக்கு ஷானன் சூத்திரத்தில் சேனல் கெபாசிட்டி போட்டாலும் அதே 0.0072 பிட். ரெண்டும் ஒண்ணு! உனக்குத் தெரிந்த கூடுதல் தகவல் எவ்வளவோ, உன் பணம் அவ்வளவு வேகத்தில்தான் வளரும். 0.0072 பிட் என்றால் சராசரியாக 138 பந்தயத்துக்கு ஒருமுறை பணம் இரட்டிப்பாகும். தகவல் பூஜ்யம் என்றால் வளர்ச்சியும் பூஜ்யம். கட்ட வேண்டிய தொகையும் பூஜ்யம்.

கட்டுரைக்கு அவர் முதலில் வைத்த தலைப்பில் தகவல் கோட்பாடும் சூதாட்டமும் சேர்ந்தே இருந்தன. பெல் லேப்ஸின் தாய்க் கம்பெனி நாட்டுக்கே போன் லைன் கொடுப்பது. அந்த லைன்களில் ஒரு காலத்தில் குதிரைப் பந்தய முடிவுகளும் புக்கிகளுக்கு ஓடியிருக்கின்றன. பழைய கதையை யாரும் கிளற விரும்பவில்லை. அதனால் தகவல் வீதத்துக்கு ஒரு புதிய விளக்கம் என்று பொருள்படும் சாதுவான தலைப்போடு, 1956 ஜூலையில் பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னலில் அது வெளியானது. கெல்லிக்கு அப்போது 32 வயது.

கட்டுரையை யாரும் கொண்டாடவில்லை. சில வருஷம் கழித்து எட்வர்ட் தார்ப் என்ற இளம் கணிதக்காரர், பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் வெளியே போன சீட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தால் ஆடுபவருக்குச் சாதகம் வரும் என்று கண்டுபிடித்து ஷானனிடம் வந்தார். சாதகம் சரி, எவ்வளவு கட்டுவது? ஷானன் கெல்லியின் கட்டுரையைக் காட்டினார். 1961-ல் தார்ப் 10,000 டாலரோடு நெவாடாவுக்குப் போய், சுமார் 11,000 டாலர் லாபத்தோடு திரும்பினார். 1962-ல் அதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

அதன்பிறகு கேசினோக்கள் முழித்துக்கொண்டன. யார் சும்மா பொழுதுபோக்க வந்தவர், யார் கணக்குப் போட்டு வந்தவர் என்று பிரிக்க வேண்டிய கட்டாயம். ஜெயிப்பவரையெல்லாம் துரத்த முடியாது, ஏன்னா ஜெயிக்கிறவங்களைப் பார்த்துத்தானே மத்தவங்க வர்றாங்க. அவர்கள் பிடித்துக்கொண்ட அடையாளம் பந்தயத் தொகை. பொழுதுபோக்குக்காரர் மனசு போன போக்கில் கட்டுவார், தோற்றால் கோபத்தில் கூட்டுவார். கணக்குக்காரர் சாதகம் வரும்போது மட்டும் கூட்டுவார், போனதும் குறைப்பார். அதாவது கெல்லியின் சூத்திரத்தைக் கச்சிதமாகப் பின்பற்றுபவர் மேஜை மேல் தன் கைரேகையை வைத்துவிட்டுத்தான் போகிறார். தார்ப் பின்னாட்களில் தாடி ஒட்டி வேஷம் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது.

இன்னைக்கு ஸ்போர்ட்ஸ் பெட்டிங் கம்பெனிகள் செய்வதும் இதேதான், சர்வரில் உட்கார்ந்து செய்கிறார்கள். எப்படின்னு பார்ப்போம். இதுதான் என் நண்பனோட கதைக்கு முக்கியம்.

சமபலம் உள்ள ரெண்டு டீம். நியாயமாக ஆட்ஸ் 2.00 இருக்கணும், 100 கட்டினா 200 திரும்பணும். ஆப்பில் இரண்டு பக்கமும் 1.90 போட்டிருப்பார்கள். அந்தப் பத்து பைசாதான் கம்பெனியின் பிழைப்பு. இந்த ஆட்ஸில் நஷ்டமில்லாமல் இருக்கவே நீங்க 52.6 சதவீதம் ஜெயிக்கணும். கெல்லியின் சூத்திரத்தை இதுக்கும் போடலாம்: வெற்றி வாய்ப்பை ஆட்ஸால் பெருக்கி 1 கழிக்கணும், வருவதை ஆட்ஸில் 1 கழித்ததால் வகுக்கணும். 55 சதவீதம் ஜெயிக்கும் ஆளுக்கு விடை 0.05. 10,000 ரூபாய் இருந்தால் 500 கட்டலாம். 50 சதவீதம் ஜெயிக்கும் ஆளுக்கு விடை மைனஸில் போகும்.

இந்த 55-ஐயும் 50-ஐயும் கம்பெனி எப்படிப் பிரிக்கும்? வெற்றி தோல்வியை எண்ணியா? அது வேலைக்கு ஆகாது. நாணயம் சுண்டிப் போட்டு 100 பந்தயம் கட்டும் ஆள்கூட 55 அல்லது அதற்கு மேல் ஜெயிக்க 18 சதவீதம் வாய்ப்பு இருக்கு. நம்ம காலேஜ்ல 100 பேர் கண்ணை மூடிக்கிட்டு ஆடினா, அதுல 18 பேர் சீசன் முடிவுல தன்னை ஜீனியஸ்னு நம்பிக்கிட்டு இருப்பாங்க. திருப்பிப் பாருங்க: நிஜமாகவே 55 சதவீதத் திறமை உள்ளவர், அதே 100 பந்தயத்தில் நஷ்டத்தில் நிற்க சுமார் 31 சதவீதம் வாய்ப்பு. அதிர்ஷ்டத்தின் இரைச்சல் அவ்வளவு.

இன்பிளான்ட் டிரெய்னிங் போனவங்களுக்கு இது சட்டுனு புரியும். லைன்ல வர்ற ஒரு பீஸ் சரியா இருக்குன்னு மெஷின் சரியா இருக்குன்னு எந்த குவாலிட்டிக்காரரும் ஒத்துக்க மாட்டார். பீஸை விட்டுட்டு பிராசஸைப் பார்ப்பார். சுவத்துல கண்ட்ரோல் சார்ட் ஒட்டியிருக்கும். அந்த சார்ட்டை 1924-ல் முதலில் வரைந்த வால்டர் ஷூஹார்ட்டும் அதே பெல் குடும்பத்தின் ஆள்தான் என்பது சின்ன ஆச்சரியம்.

பந்தயக் கம்பெனியின் கண்ட்ரோல் சார்ட் கடைசி விலை. காலையில் ஒரு டீமுக்கு 2.10 ஆட்ஸ் கொடுக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் பணம் கட்டக் கட்ட, டாஸ், பிட்ச், பிளேயிங் லெவன் எல்லாம் வெளியே வர வர, விலை நகர்கிறது. மேட்ச் தொடங்கும்போது இரண்டு பக்கமும் 1.90-ல் வந்து நிற்கிறது. அப்போது சந்தையில் உள்ள எல்லாத் தகவலும் அந்த விலையில் இறங்கிவிட்டது. அந்த டீமின் உண்மையான வாய்ப்பு 50 சதவீதம்தான். நீங்க காலையிலேயே 2.10-க்கு வாங்கியிருந்தால், மேட்ச் தோற்றாலும் நீங்க வாங்கினது 5 சதவீதம் சாதகமான சரக்கு. ஒருமுறை நடந்தால் தற்செயல். சில டஜன் பந்தயத்திலும் விலை உங்களுக்குப் பின்னாடியே ஓடி வந்தால், உங்ககிட்ட ஏதோ ஒரு கெல்லிக் கம்பி இருக்குன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சிடும். நீங்க நஷ்டத்துல இருந்தாலும் தெரிஞ்சிடும்.

கூடவே மற்ற அடையாளங்களும். பொழுதுபோக்குக்காரர் பெரிய மேட்சுக்கு, தன் ஊர் டீமுக்கு, டாஸ் போடும் நேரத்தில், 500 அல்லது 1000 என்று ரவுண்டாகக் கட்டுவார். நாலைந்து மேட்சைச் சேர்த்து ஒரே பந்தயமாகக் கட்டுவதில் அவருக்கு ஆசை அதிகம். ஒவ்வொரு மேட்சிலும் கம்பெனியின் கமிஷன் பெருகிக்கொண்டே போவது அவர் கண்ணில் படாது. தொழில்முறை ஆள் விலை வந்த உடனே வருவார், யாரும் கவனிக்காத சின்ன லீக், சின்ன மார்க்கெட்டில் நுழைவார், பல கம்பெனிகளில் விலை ஒப்பிட்டு எங்கே அதிகமோ அங்கே மட்டும் கட்டுவார். 487 ரூபாய் மாதிரி விநோதமான தொகை வந்தால், பின்னாடி ஏதோ சூத்திரம் ஓடுது.

64,000 டாலர் நிகழ்ச்சியின் 3 மணி நேர இடைவெளி இன்றைக்குச் சில நொடிகளாகச் சுருங்கியிருக்கிறது. 2021 ஐபிஎல்லில் டெல்லி மைதானத்தில், துப்புரவுத் தொழிலாளி ஒருவரைப் பயன்படுத்திப் பந்துக்குப் பந்து தகவலை வெளியே அனுப்பியதாகச் சந்தேகம் எழுந்ததை பிசிசிஐ ஊழல் தடுப்புப் பிரிவின் தலைவர் சொன்னார். டிவியிலும் ஆப்பிலும் பந்து வந்து சேரும் முன் பந்தயம் கட்டுவதுதான் நோக்கம். இதனால்தான் மேட்ச் நடக்கும்போது கட்டும் பந்தயத்தை ஆப்கள் சில நொடி சுற்றவிட்டு அப்புறம் ஏற்றுக்கொள்கின்றன. விக்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி திரும்பத் திரும்பப் பணம் கட்டும் கணக்கு உடனே சிவப்பாகும்.

குதிரைப் பந்தயத்தின் டோட்டலைசேட்டரில் இந்தத் தலைவலி கிடையாது. கட்டிய பணமெல்லாம் ஒரே பானையில் சேரும். கிளப் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துவிடும். ஜெயிப்பது யாராக இருந்தாலும் கிளப்புக்கு ஒன்றுதான். புக்கி அப்படியல்ல, அவர் தன் சொந்தப் பணத்தை எதிரே வைக்கிறார். அதனால்தான் அவருக்கு நம்ம முகம் பார்க்க வேண்டியிருக்கு.

பார்த்த பிறகு என்ன செய்வார்கள்? தொழில்முறை ஆளின் உச்சவரம்பைச் சத்தமில்லாமல் குறைப்பார்கள். 10,000 கட்ட வந்தவரிடம் 150 மட்டும் வாங்கிக்கொள்வார்கள். போனஸ் நிற்கும், கணக்கே மூடப்படலாம். சில பெரிய நிறுவனங்கள் மட்டும் அவரை விட்டுவைத்து, அவர் கட்டும் பக்கம் பார்த்துத் தங்கள் விலையைத் திருத்திக்கொள்கின்றன. பொழுதுபோக்குக்காரருக்கு மரியாதை. அதிகம் தோற்பவருக்கு அதிக மரியாதை. பிரிட்டனில் இந்த விஐபி திட்டங்கள் கட்டுமீறிப் போனதால்தான் 2020-ல் அங்குள்ள சூதாட்ட ஆணையம் அதற்குத் தனி விதிகளே போட வேண்டி வந்தது.

டீக்கடையில் நண்பனிடம் இதைச் சொன்னப்போ அவன் நம்பலை. சரி, கணக்கை எடுன்னு சொன்னேன். அவனோட பந்தய வரலாறு முழுக்க அந்த ஆப்பிலேயே இருந்தது. கட்டின விலையை ஒரு பக்கமும், மேட்ச் தொடங்கினப்போ இருந்த விலையை இன்னொரு பக்கமுமா, அவனுக்கு ஞாபகம் இருந்த வரைக்கும் எழுதினோம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருந்தது, ஏன்னா அவன் கட்டினதே டாஸ் முடிஞ்ச அப்புறம்தான். மூணு மாசமா அவன் உச்சவரம்பு ஒரு தடவைகூடக் குறையல, கூடிக்கிட்டே போயிருக்கு. அவனைப் பத்தி கம்பெனிக்கு இருந்த அபிப்பிராயம் அதுதான். கடைசியா டெபாசிட்டையும் எடுத்த பணத்தையும் கூட்டினான். அடுத்த செமஸ்டர் எக்ஸாம் ஃபீஸுக்கு வீட்டுல இருந்து அனுப்பின பணமும் அதுக்குள்ள இருந்தது. அவன் அப்புறம் டீ குடிக்கல. அந்த விஐபி மேனேஜர் மட்டும் அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருந்தார்.

கெல்லி விஷயத்துக்கு வருவோம். சூத்திரத்தை எழுதிவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். 1961-ல் லோக்பாம், விசோட்ஸ்கி ஆகியோரோடு சேர்ந்து, சிக்னல் பிளாக் டயகிராமை அப்படியே கம்ப்யூட்டர் புரோகிராமாக மாற்றும் கம்பைலர் ஒன்றைச் செய்தார். லேப்ல சிமுலிங்க்ல பெட்டிகளை இழுத்து இழுத்து இணைக்கிறோமே, அந்த யோசனைக்கு அது தாத்தா முறை. தன் சூத்திரத்தை வைத்து அவர் பணம் சம்பாதித்ததாகத் தகவல் இல்லை. தார்ப் கேசினோக்களைக் கலக்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அவர் மர்ரே ஹில்லில் கம்ப்யூட்டருக்குப் பேச்சு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேராசிரியர்கள் இன்று பங்குச் சந்தை முதலீட்டு வகுப்பில் அந்தச் சூத்திரத்தை நடத்துகிறார்கள். அதற்கு அவர் பெயர் நிலைத்தது அவர் போன பிறகுதான்.

1965 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் மன்ஹாட்டன் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கிச் சாய்ந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது. வயது 41. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

கடைசிக் காலத்தில் அவர் போட்டிருந்த யோசனை ஒன்று மிச்சமிருந்தது. தூரத்துப் போன் காலில் நாம் பேசுவது நமக்கே திரும்பிக் கேட்கும் எதிரொலியை, பேசுபவரின் குரலை வைத்தே தானாகக் கற்றுக்கொண்டு அழிக்கும் சர்க்யூட். இந்தியாவில் பிறந்து பெல் லேப்ஸுக்குப் போன எம்.எம். சோந்தி அதில் வேலை செய்து 1967-ல் கட்டுரை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய எக்கோ கேன்சலர். அன்னைக்கு ராத்திரி நண்பன் ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய் அப்பாவுக்கு போன் பண்ணி ஃபீஸ் விஷயத்தைச் சொன்னான். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினான், பக்கத்துல நான் இருந்தா தைரியமா இருக்கும்னு. அவன் குரல் ஒரு தடவைகூட எதிரொலிக்கல.